மூடிய கண்களின் நம்பிக்கை: பெருந்தொற்றுக் காலத்தில் நேரடி மெய்நிகர் மருத்துவ ஆய்வு

2020 மார்ச் 16. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்து ஐந்து நாள்கள்தான் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் தேசியச் சுகாதாரச் சேவையின் ஒன்பது அமைப்புகளில் நடந்துகொண்டிருந்த ‘கேம்சேஞ்ச்’ என்ற ஆய்வு, புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை அன்று நிறுத்தியது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் தலைமையில் நடந்த ஆய்வு அது. தீவிர மனநோயால் வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சுபவர்களுக்கு மெய்நிகர் கருவியை அணிவித்து, தெரு, பேருந்து, கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை போன்ற காட்சிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது அதன் நோக்கம். வெளியுலகுக்கு அஞ்சாதீர்கள் என்று சொல்லிக்கொடுக்க வந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, வெளியே வராதீர்கள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 14 அன்று சேர்க்கை மீண்டும் தொடங்கியது. தடுப்பூசி அப்போது வந்திருக்கவில்லை. இரண்டாம் அலையையும் கடந்து 2021 மே 7 வரை சேர்க்கை நடந்து, மொத்தம் 346 பேர் சேர்ந்தார்கள். முடிவுகள் 2022இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியாயின. வெளியே செல்ல மிக அதிகமாக அஞ்சியவர்களுக்கே இந்தச் சிகிச்சை மிக அதிகமாக உதவியது என்று தெரிந்தது. ஆய்வைக் கைவிட்டிருந்தால் நமக்கு இது தெரிந்திருக்காது. கண்மூடித்தனமாகத் தொடர்ந்திருந்தால், சிகிச்சை தேடி வந்தவர்களே தொற்றோடு திரும்பியிருக்கலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டா? பெருந்தொற்று நடக்கும்போது, ஒருவர் தலையில் மாட்டிய கருவியை அடுத்தவர் தலையில் மாட்டி, மூடிய அறையில் அரை மணிநேரம் உட்கார வைத்துச் செய்யும் ஆய்வைப் பாதுகாப்பாக நடத்த முடியுமா? முடியும் என்பதே என் முடிவு. ஆனால் அந்தப் பாதுகாப்பு எங்கே தொடங்குகிறது என்பதில் தொடக்கத்தில் பலர் தவறினார்கள். கண்ணுக்குத் தெரிந்த கருவியைத் துடைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத காற்றை மறந்தார்கள்.

மருத்துவத்துக்கு மெய்நிகர் எதற்கு?

மருத்துவத்தில் மெய்நிகர் உலகம் நேற்று வந்த புதுமையல்ல. அமெரிக்காவில் பார்பரா ராத்பாமும் லாரி ஹாட்ஜஸும் உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு அதைப் பயன்படுத்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயம் பட்டவர்களின் வலியை எடுத்துக்கொண்டார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றும் நேரம் மருந்துக்கும் அடங்காத வேதனை தருவது. அந்த நேரத்தில் நோயாளியைப் பனி படர்ந்த ஒரு பள்ளத்தாக்குக்குள் கொண்டுபோய்ப் பனிப்பந்து வீச வைத்தார்கள். ‘ஸ்னோ வேர்ல்ட்’ என்று அதற்குப் பெயர். கவனம் பனியில் இருக்கும்போது வலிக்குக் கிடைக்கும் கவனம் குறைகிறது. போர்முனையிலிருந்து மன வடுவோடு திரும்பிய படைவீரர்கள், பக்கவாதத்தால் கை விளங்காமல் போனவர்கள், நடையில் தள்ளாடும் முதியவர்கள் என்று இந்தத் துறை பின்னர் விரிந்தது.

இந்தப் பட்டியலில் உள்ளவர்கள் யார் என்று பாருங்கள். முதியவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், தோல் வெந்தவர்கள், நாள்பட்ட நோயாளிகள். கொரோனா யாரை அதிகம் வாட்டியதோ, ஏறக்குறைய அவர்களேதான் மெய்நிகர் சிகிச்சையால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களும். ஆரோக்கியமான கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்யும் ஆய்வை ஆறு மாதம் தள்ளிவைப்பதில் பெரிய இழப்பு இல்லை. பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில்தான் கைகால் அதிகம் தேறும். அந்த மாதங்களைத் தவறவிட்டவருக்கு அவை மறுபடி வருவதில்லை.

முதல் கேள்வி: நேரில் வரத்தான் வேண்டுமா?

எந்தக் கிருமிநாசினி நல்லது என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மெய்நிகர் மருத்துவ ஆய்வுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வீட்டிலேயே செய்யக்கூடியவை. முதுகுவலிக்கான ‘ஈஸ்விஆர்எக்ஸ்’ இதற்குச் சிறந்த சான்று. கீழ்முதுகில் நாள்பட்ட வலியுள்ள 179 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் கருவி வீட்டுக்கே சென்றது. எட்டு வாரம் அவரவர் வீட்டில் பயன்படுத்தினார்கள். மெய்நிகர் சிகிச்சை பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கு வலி 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 41 விழுக்காடு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அதற்கு அனுமதி அளித்தது. நோயாளி ஆய்வகத்துக்குள் காலடி வைக்காமலே தரமான ஆய்வை நடத்தலாம் என்பதை அது காட்டியது.

இரண்டாம் வகை, பாதி வீட்டிலும் பாதி நேரிலும் செய்யக்கூடியவை. ஒப்புதல் வாங்குவது, கேள்வித்தாள் நிரப்புவது, நோய் வரலாறு கேட்பது, கருவியை எப்படி அணிவது என்று சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றையும் தொலைபேசியிலோ காணொலியிலோ முடித்துவிடலாம். இரண்டு மணிநேரம் இருக்க வேண்டியவர் நாற்பது நிமிடத்தில் வீடு திரும்பலாம்.

மூன்றாம் வகை, நேரில் மட்டுமே செய்யக்கூடியவை. மூளையலை பதியும் மின்முனைகளை ஒட்ட வேண்டும். நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடக்க வைக்க வேண்டும். தள்ளாடும் நோயாளியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தீக்காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டும். தீவிர மனநோயில் காட்சி மிரட்டிவிட்டால் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். கேம்சேஞ்சில் சிகிச்சையை நடத்தியது மென்பொருள்தான். ஆனாலும் உதவிக்கு ஒருவர் அருகிலேயே இருந்தார்.

இந்தக் கட்டுரை மூன்றாம் வகையைப் பற்றியது. முதல் இரண்டு வகையில் அடங்கும் ஆய்வுக்கு ஒரு நோயாளியை நேரில் வரவழைப்பது, எவ்வளவு துடைத்தாலும் நியாயமாகாது.

தொற்று எந்த வழியாக வருகிறது?

2020இன் தொடக்கத்தில் உலகமே பால் பாக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அந்த மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வக ஆராய்ச்சி, கொரோனா கிருமி நெகிழியின் மேலும் துருப்பிடிக்காத எஃகின் மேலும் 72 மணிநேரம் வரை உயிர்ப்போடு இருப்பதாகக் காட்டியது. மெய்நிகர் ஹெட்செட் முழுக்க நெகிழி. கண், மூக்கு, நெற்றி ஆகியவற்றில் அழுந்தி, வியர்வையை உறிஞ்சும் பொருள். ஆய்வகங்கள் அச்சம் கொண்டதில் வியப்பில்லை. ஒருமுறை பயன்படுத்திய கருவியை மூன்று நாள் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் வந்தது. ஒரு நாளைக்கு நான்கு பேர் என்றால் 12 கருவிகள் வேண்டும். சிறிய ஆய்வகத்துக்கு இது தாங்காது.

அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் சொல்லியிருந்தது: காற்றில் மிதக்கும் நுண்திவலைகளிலும் கிருமி மூன்று மணிநேரம் உயிர்ப்போடு இருந்தது. இதைக் கவனித்தவர்கள் குறைவு. அதே மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் ஓர் அரங்கில் இரண்டரை மணிநேரம் பாடிப் பயிற்சி செய்தார்கள். அவர்களில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். 2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் ஆகியோர் எழுதிய கடிதத்துக்கு 239 அறிவியலாளர்கள் ஆதரவு தெரிவித்தார்கள்: காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது.

மெய்நிகர் ஆய்வகத்துக்கு இதன் பொருள் தெளிவானது. பெரும்பாலும் சன்னல் இல்லாத அறை. வெளிச்சம் கருவியின் உணரிகளைக் குழப்பும் என்பதற்காகத் திரை போட்டு மூடிய அறை. உள்ளே இருப்பவர் கை வீசுகிறார், குனிகிறார், மூச்சு வாங்குகிறார், சில நேரம் பயத்தில் கத்துகிறார். அமைதியாக உட்கார்ந்திருப்பவரைவிட அவர் பல மடங்கு காற்றை வெளிவிடுகிறார். அவர் போன பிறகு அடுத்தவர் அதே காற்றுக்குள் வருகிறார். பளபளக்கத் துடைத்த கருவி கையில் இருக்கும். முந்தியவரின் மூச்சு அறையில் இருக்கும்.

அறையைக் கணக்கிடுவது

இதற்குத் தேவை எளிய பெருக்கல் வகுத்தல்தான். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு 216 கன மீட்டர் தூய காற்றைத் தரும் ஹெப்பா வடிகட்டி ஒன்றை வைத்தால் அந்தக் காற்று மணிக்கு ஆறு முறை தூய்மையாகும். காற்றில் மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு நீங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பழைய அட்டவணை ஒன்று உண்டு. மணிக்கு இரண்டு முறை என்றால் 138 நிமிடம். நான்கு முறை என்றால் 69. ஆறு முறை என்றால் 46. பன்னிரண்டு முறை என்றால் 23.

ஒரு பங்கேற்பாளர் 50 நிமிடம் இருந்து போகிறார், அறை 46 நிமிடம் காலியாக இருக்கிறது என்றால், ஏழு மணிநேர வேலை நாளில் நான்கு பேரைத்தான் பார்க்க முடியும். முன்பு எட்டுப் பேரைப் பார்த்த ஆய்வகத்துக்கு இது பாதி. ஆய்வின் காலமும் செலவும் கூடும். இதை நிதி கேட்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். நேரம் போதவில்லை என்று அந்த 46 நிமிடத்தில் கை வைத்தால் திட்டத்தின் முதுகெலும்பே முறிந்துவிடும்.

வடிகட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கும் வழி இருந்தது. ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் இருவரின் பெயரால் அறியப்படும் பெட்டி அது. ஒரு பெட்டி மின்விசிறி, சில வடிகட்டித் தகடுகள், ஒட்டும் நாடா இருந்தால் ஒரு மாலை நேரத்தில் கட்டிவிடலாம். கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவியும் உதவும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு. அறைக்குள் 800ஐத் தாண்டினால் புதுக் காற்று போதவில்லை என்று பொருள். ஒன்றை மறக்கக் கூடாது. வடிகட்டி துகளைத்தான் பிடிக்கும். கரியமில வாயுவைப் பிடிக்காது. வடிகட்டி ஓடும் அறையில் அந்த எண் சற்றுக் கூடியிருந்தாலும், துகள் நீங்குவதை அது காட்டாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஹெட்செட்டைத் துடைப்பதும் ஒரு கலை

காற்று முதன்மை என்பதால் கருவியை விட்டுவிடலாம் என்பதல்ல. அடுத்த பெருந்தொற்று எந்த வழியில் வரும் என்று யாரும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. நம்மூரில் ‘மெட்ராஸ் ஐ’ வரும் பருவத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கண்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் அடினோ கிருமி கையாலும் துண்டாலும் பரவுகிறது. பரப்புகளில் நெடுநாள் தங்குகிறது. கொரோனாவைப் போலக் கொழுப்பு உறை இல்லாததால் சாதாரண ஆல்கஹால் துடைப்பானுக்கு எளிதில் மசிவதில்லை. கண்ணைச் சுற்றி அழுந்தும் ஒரு கருவிக்கு அதைவிடப் பொருத்தமான விருந்தாளி இல்லை. தோலோடு தோல் பட்டுப் பரவும் குரங்கம்மை 2022இல் உலக அளவிலான நெருக்கடியாக அறிவிக்கப்பட்டது. தலைப்பட்டையில் ஏறும் பேனுக்குப் பெருந்தொற்றே தேவையில்லை.

கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். முகத்தில் படும் பஞ்சுத் திண்டு வியர்வையைக் குடிக்கும். மேலாகத் துடைத்தால் உள்ளே போகாது. அதைக் கழற்றி, துடைக்கக்கூடிய சிலிகோனோ செயற்கைத் தோலோ போட வேண்டும். அதன் மேல் ஆளுக்கொன்றாகத் தூக்கியெறியும் காகிதத் துணி உறை. வில்லையில் ஆல்கஹால் பட்டால் மேற்பூச்சு கெடும் என்பதால் உலர்ந்த நுண்ணிழைத் துணி மட்டும். பட்டைகள், பின்பக்கத் திருகு, கைப்பிடிகளின் பொத்தான்கள், கைப்பிடியின் மணிக்கட்டுக் கயிறு ஆகியவற்றையும் துடைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன கயிற்றைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கிருமிநாசினித் துடைப்பானின் உறையில் எத்தனை நிமிடம் ஈரம் நிற்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். துடைத்த உடனே காய்ந்துவிட்டால் அது சுத்தமாகத் தெரியும், கிருமி செத்திருக்காது.

புறஊதா ஒளிப்பெட்டிகளும் சந்தைக்கு வந்தன. நேராக ஒளி படும் இடத்தில் அவை வேலை செய்யும். பட்டையின் மடிப்பிலும் பஞ்சின் துளைகளிலும் நிழல் விழும். அங்கே கிருமி பிழைக்கும். அழுக்குப் படிந்த பரப்பிலும் பயன் குறையும். ஆகவே பெட்டி துடைப்பதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக முடியாது. அந்த ஒளி கண்ணுக்கும் தோலுக்கும் கேடு என்பதால், மூடியைத் திறந்தால் தானே அணையும் அமைப்பும் வேண்டும்.

தோலும் முக்கியம். 2021 ஜூலையில் ஃபேஸ்புக் நிறுவனம் ‘குவெஸ்ட் 2’ கருவியின் பஞ்சுத் திண்டுகளைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் திண்டுகள். தோல் எரிச்சல் பற்றி 5,716 புகார்கள். அங்கே காரணம் தொற்றல்ல. ஆனால் எரிச்சலூட்டும் திண்டின் மேல் கிருமிநாசினி எச்சமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். துடைத்த கருவி முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தவர் முகத்தில் ஏற வேண்டும்.

தொடாமலே காட்டும் வழியைத் தீக்காய மருத்துவம் முன்பே கண்டுவைத்திருந்தது. அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணாடிக் கருவியைத் தலையில் மாட்டவில்லை. மடங்கி நீளும் ஒரு கரத்தில் பொருத்தி, நோயாளியின் கண்ணெதிரே நிறுத்தினார்கள். வெந்த முகத்தில் எதுவும் படவில்லை. கொரோனாவுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த ஏற்பாட்டை 2020இல் இன்னும் பலர் நினைவுகூர்ந்திருக்கலாம்.

ஓர் அமர்வு, அருகிலிருந்து

பக்கவாதத்தால் இடக்கை பலவீனமான ஒரு முதியவர், கைக்குப் பயிற்சி தரும் மெய்நிகர் ஆய்வுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல திட்டம் அவர் வருவதற்கு முந்தைய நாளே தொடங்கிவிடும். தொலைபேசியில் காய்ச்சல், இருமல், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் உதவித்தொகை போய்விடும் என்ற நிலை இருந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தேதி மாறும், பணம் மாறாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெரிசலான பேருந்தில் வந்து சேர்பவருக்கு அறைக்குள் எவ்வளவு தூய காற்று கொடுத்தும் பயன் குறைவு. வாடகை வண்டிக்கான பணம் ஆய்வுச் செலவில் சேர வேண்டும்.

வாசலில் வெப்பமானி காட்டுவது ஒரு சடங்காகவே இருந்தது. காய்ச்சல் தொடங்கும் முன்பே தொற்று பரவும் நோயில் அதை நம்பி இருக்க முடியாது. விரைவுப் பரிசோதனை கிடைக்கும்போது அது மேல். கைகழுவிய பின் புதிய என்95 முகக்கவசம் கொடுக்கிறார்கள். முதலில் முகக்கவசம், பிறகு ஹெட்செட். இங்கே ஒரு சிறு நுணுக்கம் உண்டு. ஹெட்செட்டின் கீழ் விளிம்பு முகக்கவசத்தின் மூக்குக் கம்பியை அழுத்திக் கீழே தள்ளிவிடும். மூக்கின் இரு பக்கமும் இடைவெளி விழும். அதன் வழியே மேலேறும் மூச்சு வில்லையில் படிந்து காட்சியை மங்கலாக்கும். வில்லையில் பனி படிந்தால் அது காட்சிக் கோளாறு மட்டுமல்ல; முகக்கவசம் கசிகிறது என்ற செய்தி. கருவியை மாட்டிய பின் மூக்குக் கம்பியை மறுபடி அழுத்திச் சரிசெய்ய வேண்டும். தேவையானால் மேல் விளிம்பில் மருத்துவ நாடா ஒட்ட வேண்டும்.

கருவியைத் தானே மாட்டிக்கொள்ளச் சொல்வது பொது விதி. ஒரு கை விளங்காதவரால் அது முடியாது. அவருக்கு உதவ, ஒரே வீட்டில் வாழும் மகளையோ மனைவியையோ அறைக்குள் அனுமதிப்பது நல்ல தீர்வு. அவர்கள் ஏற்கெனவே ஒரே காற்றைச் சுவாசிப்பவர்கள். ஆய்வாளர் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலோ அடுத்த அறையிலோ இருந்து, முதியவர் காணும் காட்சியைத் திரையில் பார்க்கிறார்; ஒலிவாங்கியில் பேசுகிறார். நின்று செய்யும் பயிற்சியை உட்கார்ந்து செய்யும்படி மாற்ற முடிந்தால், விழாமல் பிடிக்க ஒருவர் ஒட்டி நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும். முடியாதபோது ஆய்வாளர் உள்ளே வந்தே ஆக வேண்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் ஆபத்துதான். தொற்றைத் தவிர்க்கிறேன் என்று கீழே விழவிடுவது பாதுகாப்பாகாது.

அளவுகோலே மாறும்போது

பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆய்வின் முடிவுகளையும் தொடுகின்றன. இதைப் பற்றிப் பேசுவது குறைவு.

மெய்நிகர் காட்சியில் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். இதை அளக்க 1993இல் கென்னடியும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய 16 அறிகுறிகள் கொண்ட வினாநிரல் இன்றும் வழக்கில் உள்ளது. தலைவலி, சோர்வு, குமட்டல் அதில் உண்டு. இவை மூன்றும் கொரோனாவின் அறிகுறிகளும்கூட. ஆய்வு முடிந்து வீடு போன ஒருவர் மாலையில் தலைவலி என்று சொன்னால் அது கருவியாலா, கிருமியாலா? அமர்வுக்கு முன்னும் உடனே பின்னும் அதே கேள்விகளைக் கேட்டுப் பதிந்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். கருவியால் வரும் குமட்டல் பெரும்பாலும் கருவியைக் கழற்றிய பின் தணியும்; அடுத்த நாளும் தொடர்ந்தால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

முகக்கவசம் மூச்சை மாற்றுகிறது, முகபாவத்தை மறைக்கிறது. மூச்சின் வேகத்தையோ முகத் தசையின் அசைவையோ அளக்கும் ஆய்வில் 2019இல் வந்தவரையும் 2021இல் வந்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கேம்சேஞ்சில் இன்னும் ஆழமான சிக்கல். ஒருவர் உண்மையான தெருவில் எவ்வளவு தூரம் போகிறார் என்று நேரில் அளப்பது முதலில் வெளியிட்ட ஆய்வுத் திட்டத்தில் முதன்மை அளவுகோலாக இருந்தது. இறுதி அறிக்கையில் அந்த இடத்தில் இருந்தது நோயாளி தானே நிரப்பும் வினாநிரல். கடைகள் மூடியிருக்கும் நாட்டில், கடைக்குப் போகாததை நோய் என்று எப்படி எழுதுவது? சீரற்ற முறையில் இரு குழுக்களாகப் பிரித்திருந்ததால் இரண்டின் மீதும் பொதுமுடக்கம் ஒரேபோல விழுந்தது, ஒப்பீடு தப்பியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வுகளுக்கு அந்தக் காப்பு இல்லை. பெருந்தொற்றின் நடுவே ஆய்வு நடத்துவோர் எந்தத் தேதியில் எந்த விதி நடப்பில் இருந்தது என்ற நாட்குறிப்பைத் தரவோடு சேர்த்துவைக்க வேண்டும்.

யாருக்காக, யாரைக் கேட்டு?

2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பங்கேற்பாளரின் பாதுகாப்பே முதலாவது என்று சொல்லி, முடிந்தவரை தொலைவழிச் சந்திப்புகளை யோசிக்கச் சொன்னது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதே ஆண்டில் பெருந்தொற்றுக் கால ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்களுக்குத் தனி வழிகாட்டி வெளியிட்டது. இவை சட்டகத்தைத் தந்தன. அதை நிரப்புவது ஒவ்வொரு ஆய்வகத்தின் மனசாட்சி.

மூன்று கடமைகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று, ஒப்புதல் படிவத்தில் தொற்று ஆபத்தைத் தனி வரியாக, எளிய சொல்லில் எழுதுவது. வருவதால் என்ன ஆபத்து, அதைக் குறைக்க என்ன செய்திருக்கிறோம், அதன் பிறகும் என்ன மீதி இருக்கிறது என்று மூன்றையும் சொல்ல வேண்டும்.

இரண்டு, 65 வயதுக்கு மேற்பட்டவர் வேண்டாம், சர்க்கரை நோயாளி வேண்டாம் என்று வசதிக்காக ஒதுக்காமல் இருப்பது. ஒதுக்கினால் ஆய்வு பாதுகாப்பாக முடியும். ஆனால் அதன் முடிவு, யாருக்காகச் சிகிச்சை உருவானதோ அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றால் காற்றும் நேரமும் கவனமும் கூடுதலாகத் தர வேண்டும். அப்படித் தர முடியாத கட்டத்தில் ஆய்வைத் தள்ளிவைக்க வேண்டும்.

மூன்று, ஆய்வு உதவியாளர்களை நினைப்பது. பங்கேற்பாளர் ஒருமுறை வந்து போவார். உதவியாளர் நாள்தோறும் நான்கு பேரோடு அறைக்குள் இருப்பார். அவர் பெரும்பாலும் ஓர் இளம் மாணவர். பேராசிரியரின் கையெழுத்தில் அவருடைய எதிர்காலம் இருக்கிறது. வீட்டில் வயதான பாட்டி இருக்கிறார் என்று சொல்லி விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அதனால் பட்டமோ ஊதியமோ பாதிக்காது என்ற உறுதியும் வேண்டும்.

எப்போது நிறுத்துவோம் என்பதையும் தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். ஊரில் தொற்று எந்த அளவு ஏறினால் புதிய சேர்க்கை நிற்கும், எந்த அளவில் எல்லாமே நிற்கும், பாதிச் சிகிச்சையில் இருப்பவரை எப்படிக் கவனிப்போம் என்று முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். அலை உயரும்போது உட்கார்ந்து முடிவெடுத்தால், இன்னும் நான்கு பேர்தானே பாக்கி என்ற ஆசை நம் தீர்ப்பைக் கெடுத்துவிடும்.

முடிவாக

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடி நிலையை முடித்துக்கொண்டது. வடிகட்டிகள் மூலைக்குப் போயின. அறைகளில் திரைகள் மறுபடி விழுந்தன. கற்றதை மறக்க இதைவிட எளிதான காலம் இல்லை. அதனால்தான் வரிசையை இங்கே மறுபடி சொல்கிறேன்: நேரில் வரத்தான் வேண்டுமா என்ற கேள்வி முதலில், அடுத்தது காற்று, பிறகு நேரமும் ஆள்களும், அதன் பிறகே கருவி. நான்கும் வேண்டும். வரிசை மாறினால் உழைப்பு வீணாகும்.

பெரும்பாலான மருத்துவ ஆய்வுகளில் இல்லாத ஒன்று மெய்நிகர் ஆய்வில் இருக்கிறது. ஊசி போடும்போது நோயாளி நம் கையைப் பார்க்க முடியும். ஹெட்செட் அணிந்தவரால் முடியாது. நாம் முகக்கவசத்தைக் கீழே இறக்கினோமா, இருமினோமா, வடிகட்டியை அணைத்தோமா என்று அவருக்குத் தெரியாது. அவர் பனிமலையையோ பேருந்தையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவர் சொல்லுக்குச் சொல் செய்கிறார். அவர் பார்க்காத அந்த அரை மணிநேரத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் பாதுகாப்பு. ஆய்வகம் நடத்துவோரே, அந்த வடிகட்டியை மூலையிலிருந்து இன்றே எடுத்து வையுங்கள்.